மானுக்கும் மலேரியா!

குளிரும் காய்ச்சலுமாக ஆளைப் போட்டு உலுக்கும் மலேரியா மனிதருக்கு மட்டும் உரியது என்றா நினைக்கிறீர்கள், சகோதரிகளே? மானையும் அது விடவில்லை!

1967-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸில் ஒரு வெள்ளைவால் மானின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டார்கள். அப்புறம் வெகுகாலம் பேச்சே இல்லை. பிறகு, வாஷிங்டன் மிருகக்காட்சி சாலையில் பறவை மலேரியாவைத் தேடிக் கொசுக்களைப் பரிசோதித்தபோது, இனம் தெரியாத கிருமி ஒன்று அகப்பட்டது. அந்தக் கொசு குடித்திருந்ததோ மானின் ரத்தம்! கிழக்கு அமெரிக்காவில் சில இடங்களில் நாலு மானில் ஒன்றுக்கு இக்கிருமி இருந்ததென்று 2016-ல் அறிவித்தார்கள்.

இத்தனை காலம் எப்படி ஒளிந்திருந்தது? ரத்தத்தில் கிருமிகள் மிகச் சொற்பம். மைக்ராஸ்கோப்பில் லேசில் தென்படாது. மானும் துள்ளித்தான் திரிகிறது.

பயப்படாதீர்கள், மனிதருக்கு இது தொற்றியதாகத் தெரியவில்லை. ஆனால், துள்ளித் திரியும் உடம்பிலும் நோய் குடியிருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்!