காரின் கண்ணாடியில் படியும் திரை

நங்கநல்லூரில் குடியிருப்போருக்கு மீனம்பாக்கம் விமான நிலையம் அடுத்த தெரு போன்றது. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைகளை அழைத்து வரவும், பின்னர் கண்ணீரோடு வழியனுப்பவும் நம் வீட்டுக் கார்கள் நள்ளிரவிலும் சுபுஹு வேளைக்கு முன்பும் ஓடுகின்றன. எதிரே வரும் வாகனத்தின் விளக்கொளி பட்டதும் முன்கண்ணாடியில் பால் ஊற்றினாற்போல் வெண்மை பரவிச் சாலையை மறைக்கிறதா? வெளிப்புறத்தை எத்துணை முறை துடைத்தும் பயனில்லையா? அழுக்கு உட்புறத்தில் இருக்கிறது.

இளைஞர் சிலரிடம் ‘வேப்’ எனப்படும் மின் சிகரெட் பழக்கம் புகுந்துள்ளது. ‘வெறும் நீராவிதான்’ என்று அவர்கள் வாதிடுவர். நீராவியாயின் உலர்ந்து போயிருக்க வேண்டுமே! அக்கருவியில் சூடேறுவது புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நறுமணப் பொருள், பெரும்பாலும் நிகோடின் ஆகியவை கலந்த திரவம். ஊதிவிடப்படும் நுண்துளிகள் ஏ.சி.க்காக மூடிய காருக்குள் சுற்றி வந்து கண்ணாடியில் ஒட்டுகின்றன. கிளிசரின் ஈரத்தை ஈர்ப்பது. ஆகவே சென்னைப் புழுக்கத்தில் அப்படலம் பிசுபிசுத்துத் தூசியையும் பிடித்துக்கொள்கிறது. கண்ணாடியில் நம் கண்ணுக்குத் தெரிவது, இருக்கைத் துணியில் தெரியாமல் படிகிறது. மழலைகள் அதைத் தடவிய கையைத்தான் வாயில் வைக்கின்றனர்.

ஆயினும் பெற்றோரே, கண்ணாடியைக் கண்டதும் மகன்மீது ஐயம் கொண்டுவிடாதீர்கள். வீண் சந்தேகத்தை விலக்குமாறு நம் மார்க்கம் கட்டளையிடுகிறது. வெயிலில் நிற்கும் காரின், சிறப்பாகப் புதுக் காரின், டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்தும் ஆவி எழுந்து இதே போன்ற படலம் உண்டாகும். அது பெரும்பாலும் முன்கண்ணாடியில் மெல்லச் சேரும். வேப் படலமோ விரைவில், எல்லாக் கண்ணாடிகளிலும் படியும். இனிப்பு வாடையும் இருக்கக்கூடும்.

முதலில் துடைத்துவிடுங்கள். காரை நிழலில் நிறுத்திக் கதவுகளைத் திறந்து, கண்ணாடி ஆறும்வரை பொறுங்கள். சூட்டில் துடைத்தால் கோடு கோடாய்க் காய்ந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு துளி விட்டு, மைக்ரோஃபைபர் துணியை நனைத்து நன்கு பிழிந்து துடையுங்கள். வீட்டில் பலர் செய்யும் பிழை, அத்துணியாலேயே மறுபடி மறுபடி தேய்ப்பது. அது அழுக்கை இடம் மாற்றுமேயன்றி நீக்காது. துணியை மடித்து மடித்துப் புதுப்பக்கம் கொள்ளுங்கள். அடுத்து, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து வேறொரு துணியில் தெளித்துத் துடைத்து, உலர்ந்த துணியால் முடியுங்கள். ஸ்பிரிட்டைப் பயன்படுத்துவோரும் உண்டு. அதைத் தொடத் தயங்குவோருக்கு வினிகரே போதும். அம்மோனியா கலந்த திரவம் சன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்கு ஆகாது. பின்கண்ணாடியில் சூட்டுக் கம்பிகள் இருந்தால் அவற்றின் போக்கிலேயே துடைக்க வேண்டும். முன்கண்ணாடியின் அடிமூலைக்குக் கை எட்டாது. மர ஸ்கேலில் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். உள்ளே மேலிருந்து கீழாகவும் வெளியே இடம் வலமாகவும் துடைத்தால், எஞ்சிய கோடு எப்பக்கத்தது என்பது விளங்கும். நிகோடின் தோல்வழியே உடலில் சேரக்கூடியது என்பதால் கையுறை அணிவது நலம். இவ்வேலையைச் சிறுவரிடம் விடலாகாது. ஏ.சி. வடிகட்டியையும் மாற்றுங்கள்.

ஒரு வாரத்திற்குள் மீண்டும் படலம் கட்டி, இனிப்பு வாடையும் வந்தால், மகனைத் தனியே அழைத்து, துடைத்த துணியைக் காட்டிப் பேசுங்கள். தங்கை தம்பியர் முன் வேண்டாம்.

சட்டத்தையும் அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். மின் சிகரெட்டைத் தமிழக அரசு 2018இலும் நடுவணரசு 2019இலும் தடை செய்தன. விற்பதும் வெளிநாட்டிலிருந்து கொணர்வதும் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். துபாய்க் கடைகளில் தாராளமாகக் கிடைப்பதால் நம் பிள்ளைகள் இதை அறியாதிருக்கலாம். அடுத்த விடுமுறைக்கு அவர்கள் பெட்டி கட்டுமுன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.