மெத்தென்ற ஷூ மலைக்கு ஆகுமா?

பாண்டி பஜார் கடையின் வழவழப்பான டைல்ஸில் நடந்து பார்த்தால், எந்த ஷூவும் மெத்தென்றுதான் இருக்கும். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஓடிப் பழகிய கால்களுக்குக் கொல்லிமலையும் ஏற்காடும் வேறு கணக்கு. அங்கே ஏற்றத்தைவிட இறக்கம்தான் காலைப் பதம் பார்க்கும். தடித்த அடிப்பாகத்துக்குப் பேர்போன ஹோகா ஷூ, 2009-ல் பிரான்ஸில் உருவானதே மலையிறக்கத்தில் வேகமாக ஓடத்தான்!

ஆனால், குஷன் உயர உயர, உருளும் கல்லில் கணுக்கால் பிசகும் வாய்ப்பும் கூடும். அதனால் அடிப்பாகம் அகலமாக இருக்கட்டும். குதிகால் உள்ளே ஆடக் கூடாது. சறுக்கும் மண்ணில் பிடிமானம் தர, அடியில் ஆழமான ரப்பர் பற்கள் வேண்டும்.

நெடுந்தூரம் ஓடினால் பாதம் வீங்கும். எனவே மாலையில், ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு கடைக்குப் போங்கள். விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடைவெளி தேவை. கடையில் படிக்கட்டு இருந்தால் இறங்கிப் பாருங்கள். விரல் முட்டினால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்த ஜோடி வேண்டாம்.