மூத்தம்மாவின் மறதியும் நம் தேயிலையும்

லுஹர் தொழுதுவிட்டு முஸல்லாவை மடித்து வைத்த மூத்தம்மா, கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, "மகள், நான் லுஹர் தொழுதேனா?" என்று கேட்கிறார். ஒரே நாளில் பத்துத் தடவை இதே கேள்வி. வயது போனால் இப்படித்தான் என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். சிலர் ஓதிப் பார்க்க அழைத்துப் போகிறார்கள். ஓதுவது நல்லதே, டாக்டரிடமும் காட்டுங்கள் சகோதரிகளே! இது அல்ஸைமர் நோயாக இருக்கலாம். ராகமையில் நடந்து 2003ல் வெளியான ஆய்வில், 65 வயதைத் தாண்டியோரில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வருக்கு மறதி நோய் இருந்தது.

1906ல் ஜெர்மனிய மருத்துவர் அலோயிஸ் அல்ஸைமர், இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையில் படிந்திருந்த கறைகளைப் பற்றி அறிவித்தார். அமிலாய்ட் என்னும் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் படிவு இது. மறதி வெளியே தெரிவதற்குப் பல்லாண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது. ஆகவேதான், படியாமலே தடுக்க வழி தேடுகிறார்கள்.

இங்கேதான் நம் மலையகத்துக் கொழுந்து வருகிறது. பச்சைக் கொழுந்தில் இ.ஜி.சி.ஜி. என்றொரு பொருள் உண்டு. 2005ல் தென் புளோரிடா பல்கலைக்கழகத்தார் அதை எலிகளுக்கு ஊசியில் ஏற்ற, மூளைப் படிவு குறைந்தது. ஆனால், ஹட்டன், நுவரெலியா பாக்டரிகளில் கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்படப் பரப்பும்போது அதில் பெரும்பகுதி தியாபிளேவின் முதலிய பொருள்களாக மாறிவிடுகிறது. சாயத்துக்குப் பொன்னிறம் தருவதும் தியாபிளேவின்தான். போச்சே என்று எண்ண வேண்டாம். அதுவும் அமிலாய்ட் நாராகத் திரள்வதைச் சோதனைச் சாலையில் தடுத்ததாக பெர்லின் ஆய்வாளர்கள் 2011ல் எழுதினார்கள்.

சிங்கப்பூரில் 957 முதியோரைத் தொடர்ந்து கவனித்து 2016ல் வெளியிட்ட ஆய்வில், தவறாது தேநீர் குடித்தோருக்கு அறிவு மங்கும் அபாயம் பாதியளவே இருந்தது. தேநீர்தான் காத்தது என்று இதைக்கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. எலியும் சோதனைக் குழாயும் மூத்தம்மா ஆகிவிடாது. பிளேன்டீயில் மூன்று கரண்டி சீனி போட்டு மருந்தென்று குடித்தால் நீரிழிவுதான் மிஞ்சும். நீரிழிவே இந்நோய்க்கு ஒரு வாசல். சாப்பிட்ட கையோடு குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்தும் உடலில் சரிவரச் சேராது. கர்ப்பிணிகள் கவனிக்க.

படிவைக் கரைக்கும் லெக்கானிமாப் என்ற மருந்துக்கு 2023ல் அமெரிக்கா முழு அனுமதி தந்தது. பதினெட்டு மாதத்தில் நோயின் வேகத்தை 27 சதவீதம் தணித்தது. போன ஞாபகத்தை மீட்கவில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் வந்தன.

கையிலிருக்கும் வழிகள் வேறு. இரத்த அழுத்தம், நீரிழிவு, காது மந்தம், புகை, தனிமை, சிறுவயதில் கல்வியின்மை என 14 காரணங்களைச் சரி செய்தால், மறதி நோயில் 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று லான்செட் ஆணைக்குழு 2024ல் மதிப்பிட்டது. பள்ளிக்கூடத்தை விட்டுக் கூடையைச் சுமந்த தோட்டத்துப் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

அறிவு தவறியவர் மீது தொழுகை கடமையில்லை என்பது மார்க்கம் தந்த சலுகை. பதினோராவது தடவை கேட்டாலும், "ஓம் மூத்தம்மா, தொழுதுட்டீங்க" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள்.