எல்லையோரக் கடற்கரையில் ஒரு நாள்

பொங்கல், ஓணம், கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளுக்கு ஊரிலிருந்து உறவினர்கள் வந்து சேர்வார்கள். வந்தவர்களை எங்கே அழைத்துப் போவது என்ற கேள்விக்கு நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் பதில் இரண்டுதான்: வடக்கே கோவளம், தெற்கே கன்னியாகுமரி. இடையில் நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் ரயில் நின்று புறப்படும் ஊர்களாகவே பலர் மனத்தில் இருக்கின்றன. திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி இருப்புப்பாதை 1979இல் திறக்கப்பட்டது. அந்தப் பாதையில் பணியாற்றிய காலத்தில் செம்மண் மேட்டை வெட்டிய கட்டிங்குகளையும் மழைக்காலத்தில் அவை சரிவதையும்தான் நான் அதிகம் பார்த்தேன். அங்கிருந்து மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் கடலைச் சாவகாசமாகப் பார்க்கக் கிடைத்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

இந்தக் கரையின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கோவளத்திலிருந்து விழிஞம், முல்லூர், சொவ்வரை, ஆழிமலை வரை நிலம் உயரமாக வந்து கடலருகே சட்டென்று முடிகிறது. மேலே வெட்டுக்கல் மண், கீழே கருங்கல் பாறை. அலை நேராகப் பாறையில் மோதும். ஆழிமலையைத் தாண்டி அடிமலத்துறைக்கு வந்ததும் பாறை மறைந்து மணல் தொடங்கிவிடும். புல்லுவிளை, கருங்குளம், புதியதுறை வழியாகப் பூவாறு வரை மணல்தான். பூவாற்றில் நெய்யாறு கடலில் சேர்கிறது. அதற்குத் தெற்கே பொழியூர், அப்பால் தமிழ்நாட்டின் நீரோடி. மாநில எல்லை இருக்கும் இடம் கடற்கரை மணலைப் பார்த்தால் தெரியாது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உட்பட நான்கு தென் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நேசமணி தலைமையிலான இயக்கம் கேட்டிருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆகவே இந்தக் கரையில் பேச்சு பாதி தமிழும் பாதி மலையாளமுமாக இருக்கும். நம்மவர்களுக்கு மொழிச் சங்கடம் இல்லை.

விழிஞத்தில் தொடங்குவதே சரி. ஆய் மன்னர்களின் துறைமுகமாக இருந்த ஊர் அது. பாறையில் குடைந்த சிறிய ஒற்றைக் கருவறைக் கோயில் ஒன்று அங்கே இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். வெளிச்சுவரில் சிவன், பார்வதி உருவங்களைச் செதுக்கத் தொடங்கியவர்கள் பாதியில் விட்டுப் போயிருக்கிறார்கள். உளி நின்ற இடம் தெளிவாகத் தெரிவதால், முடிந்த சிற்பங்களைவிட இந்த முடியாத சிற்பங்கள்தாம் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தன. கோவளத்துக்கும் விழிஞத்துக்கும் நடுவே 1972இல் கட்டிய 36 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. மேலே ஏறினால் புதிய துறைமுகத்தின் ராட்சதக் கிரேன்களும் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள அலைத்தடுப்புச் சுவரும் தெரியும். 2025 மே 2 அன்று அந்தத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அது வந்த பிறகு விழிஞத்திலிருந்து ஆழிமலைக்குக் கரையோரமாகவே நடந்து போக வழியில்லை. பூவாறு செல்லும் சாலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆழிமலையில் 58 அடி உயரத்தில் கங்காதரேசுவரர் சிலை பாறைமேல் அமர்ந்திருக்கிறது. 2020 இறுதியில் திறக்கப்பட்டது. அதன் பிறகு கூட்டம் பல மடங்காகிவிட்டது. மாலையில் போனால் சிலையின் பின்னால் சூரியன் இறங்கும் காட்சி உண்மையிலேயே கண்கொள்ளாக் காட்சி. ஆனால் கோயில் வளாகத்தில் நின்றே பாருங்கள். கீழே பாறைக்கு இறங்கிப் படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிறு கலங்குகிறது. பாசி படிந்த பாறை காய்ந்திருக்கும்போதே வழுக்கும். ஈரமானால் செருப்போ ஷூவோ எதுவும் நிற்காது. கால் நனையாத பாறை பத்திரமான பாறை என்று நினைப்பதும் தவறு. அலைகள் ஒரே உயரத்தில் வருவதில்லை. பல சிறிய அலைகளுக்குப் பிறகு இரண்டு மூன்று பெரிய அலைகள் சேர்ந்து வரும். கால் மணி நேரம் தள்ளி நின்று பார்த்தால்தான் தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறுகிறது என்பது தெரியும். பாலத்துக்கு நீர்வழி கணக்கிடும்போது சாதாரண நாளின் வெள்ளத்தை நாங்கள் எடுத்துக்கொள்ள மாட்டோம். அதே கணக்குத்தான் இங்கும்.

அடிமலத்துறைக்குத் தெற்கே அதிகாலையில் போனால் கம்பவலை இழுப்பதைப் பார்க்கலாம். குமரிப் பக்கத்தில் கரைமடி என்பார்கள். ஒரு வள்ளம் வலையை வளைத்துக் கடலில் இறக்கி வரும். பிறகு கரையில் இரண்டு வரிசையாக நின்று இரு கயிறுகளையும் இழுப்பார்கள். மணிக்கணக்காகும். இழுக்க இழுக்க இரண்டு வரிசைகளும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வரும். நீரோட்டத்தை இவர்கள் ‘நீவாடு’ என்கிறார்கள். நீவாடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கேற்ப இழுப்பும் மாறும். வந்திருக்கும் குழந்தைகளுக்கு இதைக் காட்டுவது எந்தக் கேளிக்கைப் பூங்காவையும்விட மேல் என்பது என் கருத்து. ஒன்று மட்டும்: அது அவர்களின் பிழைப்பு. கயிற்றைத் தாண்டுவதும் காயப்போட்ட வலையை மிதிப்பதும் கூடாது. 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கிப் புயலில் பூந்துறை, விழிஞம் தொடங்கித் தூத்தூர் வரை ஆட்களைக் கடலுக்குக் கொடுத்த ஊர்கள் இவை. கேட்டுவிட்டுப் படம் எடுப்பது நல்லது.

பூவாறுதான் இந்தச் சுற்றின் நடுநாயகம். நெய்யாற்றின்கரையிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர். பேருந்து வசதி தாராளம். அகத்திய மலையில் பிறந்து வரும் நெய்யாறு, 1888இல் நாராயண குரு சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறத்தைக் கடந்து, நெய்யாற்றின்கரை நகரைத் தொட்டுக்கொண்டு இங்கே வந்து விரிகிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் நீண்ட மணல்திட்டு. படகில் கண்டல் மரங்களுக்கு நடுவே போய், அந்தத் திட்டில் இறங்கி, ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் கடலுமாக நிற்கலாம். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் திட்டு உடைந்து பொழி திறக்கும். வெள்ளம் வடிந்ததும் கடல் மணலைக் கொண்டுவந்து மறுபடி மூடும். போன வருடம் பொழி இருந்த இடத்தில் இந்த வருடம் இருக்காது. வரைபடத்தை நம்பி வந்தவர்கள் இதைக் கண்டு திகைப்பதுண்டு.

பூவாற்றுப் பக்கம் போகிறவர்கள் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயின் மிச்சத்தையும் பாருங்கள். 1860இல் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் காலத்தில், கன்னியாகுமரி வரை படகில் போகலாம் என்ற எண்ணத்தோடு வெட்டத் தொடங்கினார்கள். பத்மநாபர், இங்கிலாந்து ராணி, மன்னர் மூவர் பெயரும் சேர்ந்த பெயர். திட்டம் முழுமையடையவில்லை. இப்போது பல இடங்களில் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடக்கிறது. முடிந்திருந்தால் ரயில் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே நாகர்கோவில்காரர்கள் படகில் திருவனந்தபுரம் வந்திருப்பார்கள்.

படகு ஏறும்போது மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். கையில் வைத்துக்கொண்டு உட்காருவது பயனற்றது. தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று கவிழ்ந்த படகில் 45 பேர் மாண்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். மலப்புறம் மாவட்டம் தானூரில் 2023 மே 7 அன்று 22 பேர். படகு ஒரு தராசு மாதிரி. எடை கீழேயும் நடுவிலும் இருக்கும் வரை சாய்ந்தாலும் தானே நிமிரும். ஆட்கள் எழுந்து நின்றாலோ, மேல்தட்டில் ஏறினாலோ, எதையாவது பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தாலோ நிமிரும் சக்தி போய்விடும். நிர்ணயித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றினால் இறங்கிவிடுங்கள். கொடுத்த பணம் போனால் போகட்டும்.

பாறசாலையிலிருந்து நேரே வருபவர்களுக்குப் பொழியூர் பக்கம். இங்கே பார்க்க வேண்டியது கடல் அரிப்பு. கரையோர வீடுகளும் சாலையும் போய்விட்டன. எல்லைக்குத் தெற்கே தமிழ்நாட்டுக் கரையில் கற்களைக் கொட்டிச் சிறு அணைகள் போட்டதால்தான் தங்கள் கரை கரைகிறது என்பது பொழியூர்க்காரர்களின் மனக்குறை. மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும் பொருள். ஒரு இடத்தில் தடுத்தால் தடுப்பின் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் குறையும். எந்த மாநிலத்துக் கல் என்பது மணலுக்குத் தெரியாது. இரண்டு அரசுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து முழுக் கரைக்கும் சேர்த்துத் திட்டம் போட்டாலொழிய இது தீராது என்பது என் எண்ணம்.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். நடக்க, பார்க்க, படகில் போக இது அருமையான கரை. குளிப்பதற்கு இது ஏற்ற கரை அல்ல. கோவளத்தில் உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள். மற்ற இடங்களில் அப்படி எதிர்பார்க்க முடியாது. மணல் அழகாக இருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. இங்கே கரை சரிவானது. நாலு அடி வைத்ததும் இடுப்பளவு, அடுத்த அடியில் ஆளாழம். அலை கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அது எல்லா இடத்திலும் சமமாகத் திரும்பாது. மணல் சற்றுப் பள்ளமாக உள்ள இடத்தைப் பார்த்து வாய்க்கால் போல ஓடும். கருங்குளம் பக்கத்தில் ஒரு முதிய மீனவர் என்னிடம் சொன்னார்: “அலை உடையாம சாந்தமா கெடக்கிற எடத்தத்தான் சாரே நீங்க நல்ல எடம்னு எறங்குறீங்க. அதுதான் ஆள இழுக்கிற எடம்.” புத்தகத்தில் படித்ததும் இதுவேதான். இரண்டு பக்கமும் நுரைக்க, நடுவில் மட்டும் நிறம் கறுத்து நுரையில்லாமல் இருந்தால் அங்கே தண்ணீர் வெளியே போகிறது என்று பொருள். மாட்டிக்கொண்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்து மூழ்குவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த வாய்க்காலை விட்டு வெளியேற வேண்டும். நீந்தத் தெரியாதவர் மல்லாந்து மிதந்து கையை உயர்த்திக் காட்ட வேண்டும். கரையில் நிற்பவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கயிறு, காலிக் கேன், தேங்காய்க் கட்டு என்று மிதப்பது எதையாவது எறிந்துவிட்டு மீனவர்களைக் கூப்பிட வேண்டும்.

இதைவிட மோசமானது கள்ளக் கடல். திருடன் போல வருவதால் இந்தப் பெயர். இந்தக் கரையின் மீனவர்கள் வைத்திருந்த சொல்லை 2012இல் யுனெஸ்கோவே அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலில் எழும் புயலின் அலை இது. அலைக்கு அலை 18 விநாடி இடைவெளி என்று வைத்துக்கொண்டால் அந்த அலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும். நம் எக்ஸ்பிரஸ் வண்டிகளின் சராசரி வேகத்துக்குப் பக்கம். ஐயாயிரம் கிலோமீட்டரை நாலைந்து நாளில் கடந்துவிடும். அது வந்து சேரும் நாளில் இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில், அதாவது நம் விடுமுறைக் காலத்தில்தான் அதிகம். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் மாண்டது இந்த எச்சரிக்கை இருந்த நாளில்தான். படித்த பிள்ளைகள். நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள்.

எச்சரிக்கை நமக்குக் கிடைக்காமலும் இல்லை. ஹைதராபாதில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே அறிவிக்கிறது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொல்கிறார்கள். ஆனால் காரில் களியக்காவிளையைத் தாண்டி வரும் மதுரைக்காரர் எந்த மலையாளச் செய்தியைக் கேட்கப் போகிறார்? சென்ற கோடையில் ஒரு கடற்கரையில் அபாய அறிவிப்புப் பலகை ஒன்று பார்த்தேன். மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. அதன் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு தமிழ்க் குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த வீட்டு அம்மாளிடம் சொன்னேன். “அப்படியா அண்ணா?” என்று சொல்லி, இடுப்பளவு நீரில் நின்ற பையன்களைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். பையன்கள் முனகிக்கொண்டே வந்தார்கள்.

நம் சங்கம் இதில் ஒன்று செய்யலாம். பூவாறு, பொழியூர், அடிமலத்துறை, ஆழிமலை ஆகிய நான்கு இடங்களுக்கும் தமிழ்ப் பலகை வைக்க ஊராட்சிகளிடமும் சுற்றுலாத் துறையிடமும் அனுமதி கேட்டு மனுக் கொடுக்கலாம். செலவு பெரிதல்ல. தகடும் வண்ணமும் உப்புக்காற்றுக்குத் தாங்கும்படி தேர்ந்தெடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். வாசகம் இப்படி இருக்கலாம்: ‘இங்கே குளிக்காதீர்கள். பாறையில் இறங்காதீர்கள். அலை உடையாத இடம் ஆழமான இடம். வானம் தெளிவாக இருந்தாலும் கடல் திடீரென்று ஏறும். ஆபத்தில் 112க்கு அழையுங்கள்.’ எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது நான்கு அங்குல உயரம் இருக்க வேண்டும். மனுவின் நகல் தயாராக இருக்கிறது. கையெழுத்திட விரும்பும் அன்பர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குச் சற்று முன்னதாக வந்தால் போதும்.