கால் முன்னே வரும் குழந்தை

கால் முன்னே வந்து பிறந்தவர் இடுப்பில் மெல்ல மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்னும் நம்பிக்கை நம் நாட்டின் பல ஊர்களில் இன்றும் உண்டு. பண்டை உரோமையர் இவ்வாறு பிறந்த ஆண்மகவுக்கு ‘அக்ரிப்பா’ என்று பெயரிட்டனர். ‘வருந்திப் பிறந்தவன்’ என்பதே அப்பெயரின் பொருள் என்று பிளினி என்னும் பழைய ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு நாட்டார் அதை வரமாகக் கொண்டனர். மற்றொரு நாட்டார் வருத்தமாகக் கொண்டனர். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். அப்படி வந்த குழந்தை பிழைப்பது முற்காலத்தில் அரிதாக இருந்தது.

இன்று அந்நிலை இல்லை. எனினும் ‘குழந்தை தலைகீழாகத் திரும்பவில்லை’ என்று மருத்துவர் சொன்ன மாத்திரத்தில் இளந்தம்பதியர் கலங்கிப்போவதை நாம் கண்டு வருகிறோம். தாய் அழுகிறாள், கணவன் யாரைக் கேட்பது என்று அறியாமல் விழிக்கிறான், வீட்டிலுள்ள பெரியவர்களோ ஆளுக்கொரு பரிகாரம் சொல்கிறார்கள். ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகவே அறிந்துகொள்வது நல்லது.

முதலில், ஏழாம் மாதத்து ஸ்கேனைப் பார்த்துவிட்டு எவரும் கலங்க வேண்டியதில்லை. இருபத்தெட்டாவது வாரத்தில் நான்கு அல்லது ஐந்து குழந்தைகளில் ஒன்று தலையை மேலே வைத்துக்கொண்டுதான் இருக்கும். கருப்பையில் அப்போது இடம் தாராளம். நாள் செல்லச் செல்லப் பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே திரும்பிவிடுகின்றன. மாதம் நிறைந்த பின்னும் திரும்பாதிருப்பவை நூற்றுக்கு மூன்று அல்லது நான்கே. முப்பத்தாறாவது வாரத்திலும் பிட்டமோ காலோ கீழே இருந்தால் அப்போதுதான் யோசிக்க வேண்டும்.

ஏன் திரும்பவில்லை? கருப்பையின் அமைப்பு வேறுபட்டிருக்கலாம். அதில் கட்டி இருக்கலாம். நஞ்சு கீழே இறங்கி வழியை அடைத்திருக்கலாம். பனிக்குட நீர் மிகுந்தோ குறைந்தோ இருக்கலாம். இரட்டைக் குழந்தைகளாக இருக்கலாம். ஆனால் மிகப் பல சமயங்களில் காரணம் ஒன்றும் புலப்படுவதில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படு என்று எத்தனை முறை சொன்னேன், கேட்டாயா?’ என்று கருவுற்றவளைக் கடிந்துகொள்ளும் மாமியார்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். தாய் எப்படிப் படுத்தாள், என்ன உண்டாள், எந்தப் படியில் ஏறினாள் என்பவற்றுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. நிறைமாதத்தில் இருப்பவள்மீது இந்தப் பழியைச் சுமத்துவது வீண் கொடுமை.

பிட்டம் கீழே இருக்கும் குழந்தைகள் எல்லாம் ஒரே விதமாக அமர்ந்திருப்பதில்லை. பெரும்பாலானவை இரண்டு கால்களையும் முகத்தருகே நீட்டி மடித்துக்கொண்டு பிட்டத்தை மட்டும் கீழே வைத்திருக்கும். சில சம்மணமிட்டது போல் அமர்ந்திருக்கும். மிகச் சில, ஒரு காலையோ இரு கால்களையுமோ கீழே தொங்கவிட்டிருக்கும். இம்மூன்றாவது வகையே மிகுந்த ஆபத்துடையது. பனிக்குடம் உடைந்ததும் காலின் பக்கமாகத் தொப்புள்கொடி நழுவி இறங்கி நசுங்கிவிட ஏது உண்டு.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைப் பெற்றோர் விளங்கிக்கொண்டால் மருத்துவர் சொல்வது பாதி புரிந்துவிடும். குழந்தையின் உடலில் பெரிய பகுதி தலை. வழக்கமான பிரசவத்தில் அது முதலில் வந்து, பல மணி நேரம் வலியின் அழுத்தத்தால் சற்றே வடிவம் ஒடுங்கி, வழியைத் திறந்துவிடுகிறது. தலை வந்தபின் உடல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இங்கோ முறை மாறுகிறது. சிறிய உடல் முன்னே வந்துவிட, பெரிய தலை கடைசியில் வர வேண்டும். அது ஒடுங்க நேரம் இல்லை. உடல் வெளியே, தலை உள்ளே என்னும் அந்தச் சில நிமிடங்களில் கொடி நசுங்கிக் குழந்தைக்கு உயிர்க்காற்று குறைகிறது. அச்சத்தில் உடலைப் பிடித்து இழுத்தால் கைகள் தலைக்கு மேலே போய்விடும். தாடை நிமிர்ந்து தலை சிக்கிக்கொள்ளும். பதினேழாம் நூற்றாண்டில் பாரிசில் வாழ்ந்த மொரிசோ என்னும் மருத்துவரின் பெயரால், தலையைக் குனிந்த நிலையில் வைத்து வெளிக்கொணரும் கைமுறை ஒன்று இன்றளவும் கற்பிக்கப்படுகிறது. இத்துறையில் கைப்பழக்கம் எத்துணை முக்கியம் என்பதற்கு இதுவே சான்று.

இனி, பெற்றோர் முன் இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, வெளியிலிருந்தே குழந்தையைத் திருப்புதல். இது நம்மவருள் பலர் கேள்விப்படாத ஒன்று. முதற்பிரசவம் என்றால் முப்பத்தாறாம் வாரத்திலும், முன்பு பெற்றவள் என்றால் முப்பத்தேழாம் வாரத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். ஸ்கேனில் நஞ்சின் இடத்தையும் குழந்தையின் நிலையையும் பார்த்து, இதயத் துடிப்பைப் பதிவு செய்து, கருப்பையைத் தளர்த்தும் ஊசி ஒன்றைப் போடுகிறார்கள். பிறகு மருத்துவர் தம் இரு கைகளாலும் குழந்தையின் பிட்டத்தை இடுப்பெலும்புக்கு மேலே தூக்கி, முன்புறமாகக் குட்டிக்கரணம் போடுவது போல் மெல்ல உருட்டுகிறார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். வலி சிறிதும் இல்லை என்று சொல்வதற்கில்லை. தாங்க முடியாவிட்டால் உடனே நிறுத்தச் சொல்லும் உரிமை தாய்க்கு உண்டு. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது பலிக்கிறது. முதற்பிரசவத்தில் நூற்றுக்கு 40, அடுத்த பிரசவங்களில் 60 என்பது இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவக் கல்லூரி தரும் கணக்கு. திரும்பிய குழந்தை மீண்டும் பழைய நிலைக்குப் போவது அரிது. இருநூறில் ஒருவருக்கு அன்றே அவசர அறுவை தேவைப்படலாம். ஆதலால் அறுவை அரங்கு உள்ள மருத்துவமனையில்தான் இதைச் செய்ய வேண்டும். ஊரில் வயிறு தடவிவிடும் பாட்டியிடம் இதை எதிர்பார்த்துப் போவது கூடாது. நஞ்சு கீழே இருப்பவர், உதிரப்போக்கு கண்டவர், பனிக்குடம் உடைந்தவர், இரட்டைக் கரு உடையவர் ஆகியோருக்கு இது பொருந்தாது. தாயின் இரத்தம் ஆர்எச் நெகட்டிவ் வகையாயின் அதற்குரிய தடுப்பூசியும் போட வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவருக்கு முப்பத்தாறாம் வாரத்தில் மருத்துவமனை ஒன்றில் ஒரே வாக்கியத்தில் முடிவு சொல்லப்பட்டது: ‘பிள்ளை திரும்பவில்லை, ஆப்பரேஷனுக்கு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.’ திருப்பிப் பார்க்கலாம் என்று அங்கு ஒருவரும் சொல்லவில்லை. வேறொரு மருத்துவமனையில் முதிய டாக்டரம்மா ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து படம் வரைந்து விளக்கினாராம். இரு முறை திருப்பிப் பார்த்தும் குழந்தை அசையவில்லை. முடிவில் அறுவைதான் நடந்தது. ஆனால், ‘முதல் இடத்தில் எனக்கு ஏதோ நேர்ந்தது, இரண்டாம் இடத்தில் நானும் என் கணவரும் சேர்ந்து முடிவு செய்தோம்’ என்று அவர் கூறினார். இரண்டு இடத்திலும் மருத்துவம் ஒன்றுதான். நடத்திய விதம் வேறு.

இரண்டாவது வழி, நாள் குறித்துச் செய்யும் சிசேரியன் அறுவை. புனித ரெய்மண்டு நொன்னாத்துஸின் பெயருக்கு ‘பிறவாதவர்’ என்பது பொருள். இறந்துவிட்ட தாயின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டவர் என்பது மரபு. அக்காலத்தில் இவ்வறுவை தாய் இறந்தபின் சேயைக் காக்கும் கடைசி முயற்சியாகவே இருந்தது. இன்று அது நாள்தோறும் நடக்கும் பாதுகாப்பான சிகிச்சை. கால் மாறிய குழந்தைகளுக்கு அது பொதுவழி ஆனதற்கு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வே பெருங்காரணம்.

கனடாவின் டொராண்டோ நகரிலிருந்து மேரி ஹன்னா என்னும் மருத்துவர் நடத்திய அவ்வாய்வில் 26 நாடுகளைச் சேர்ந்த 2088 தாய்மார் பங்குபெற்றனர். குழந்தை இறத்தல் அல்லது கடும் பாதிப்புக்குள்ளாதல், திட்டமிட்ட அறுவையில் நூற்றுக்கு 1.6, இயல்பான பிரசவத்தை நாடியோரிடம் நூற்றுக்கு 5. முடிவு வெளிவந்ததும் உலகமெங்கும் மருத்துவமனைகள் வழக்கத்தை மாற்றிக்கொண்டன. நெதர்லாந்தில் இத்தகைய குழந்தைகளுக்கு அறுவை நூற்றுக்கு 50 என்றிருந்தது, இரண்டே மாதங்களில் 80 ஆயிற்று. குழந்தைச் சாவும் அங்கே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. அதே ஆய்வின் குழந்தைகளுள் பலரை இரண்டு வயதில் மீண்டும் பார்த்து 2004-இல் வெளியிட்டபோது, இறப்பையும் வளர்ச்சிக் குறைவையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரு பிரிவிலும் நூற்றுக்கு மூன்று என்ற அளவே இருந்தது. 2006-இல் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரைக் கவனித்த மற்றோர் ஆய்வு, தக்கவர்களைத் தேர்ந்தெடுத்து, பழகிய கைகளின் மேற்பார்வையில் நடந்தால் இரு வழிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டது. 2001-இல் இயல்பான பிரசவத்துக்குக் கதவை மூடிய அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம், 2006-இல் அதைச் சற்றே திறந்துவிட்டது.

ஆனால் அந்த இடைக்காலத்தில் வேறொன்று நேர்ந்துவிட்டது. இளம் மருத்துவர்கள் இப்பிரசவத்தைக் கண்ணால் காணாமலே பயிற்சி முடித்தார்கள். உள்ளபடி எனக்குக் கவலை தருவது இதுதான். எத்தனை அறுவைக்கு நாள் குறித்தாலும், வலி கண்டு ஓடிவந்து, பிரசவ அறையை அடைவதற்குள் பிட்டம் தெரியத் தொடங்கிவிடும் தாய்மார் என்றும் இருப்பார்கள். அப்படி வந்த ஒருத்தியின் இரண்டாம் குழந்தையை, பழைய பயிற்சி பெற்ற தலைமைச் செவிலியர் ஒருவர், ‘யாரும் இழுக்காதீர்கள்’ என்று மட்டும் சொல்லிக் காத்திருந்து, தோள் தெரிந்தபின் கை கொடுத்து வாங்கியதை அத்தாய் இன்றும் நன்றியோடு சொல்கிறாள். அந்தச் செவிலியர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய கையை யார் கற்றிருக்கிறார்கள்?

திட்டமிட்டு இயல்பாகப் பெறுவதே மூன்றாவது வழி. எல்லோருக்கும் இது இல்லை. கால் தொங்கும் நிலை, குழந்தையின் கழுத்து பின்னால் நிமிர்ந்திருத்தல், எடை 3.8 கிலோவுக்கு மேற்படல் அல்லது வளர்ச்சி மிகக் குன்றியிருத்தல் ஆகியன இருப்பின் இதை நாடலாகாது. நாடுபவருள்ளும் நூற்றுக்கு நாற்பது பேருக்கு நடுவில் அவசர அறுவை தேவைப்படுகிறது. 2017-இல் இங்கிலாந்து மருத்துவக் கல்லூரி தந்த கணக்கைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது: குழந்தை இறக்கும் அபாயம், நாள் குறித்த அறுவையில் ஆயிரத்துக்கு 0.5, தலை கீழே உள்ள இயல்பான பிரசவத்தில் 1, பிட்டம் கீழே உள்ள இயல்பான பிரசவத்தில் 2. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து மருத்துவர் பிராங்க் லூவனும் அவர் குழுவினரும், தாயை மல்லாந்து படுக்க வைக்காமல், முழங்காலும் கையும் ஊன்றிய நிலையில் இப்பிரசவத்தை நடத்தி வருகின்றனர். நம் பாட்டிமார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த நிலையில் பெற்றதை நினைத்தால் இது அவ்வளவு புதிதாகத் தோன்றவில்லை.

ஆயிரத்துக்கு ஒன்றரை என்னும் வேறுபாட்டைக் கேட்டதும், ‘அறுவையே செய்துவிடுங்கள்’ என்றுதான் எந்தத் தகப்பனும் சொல்வான். அதில் தவறில்லை. ஆனால் கணக்கில் தாயையும், இனிப் பிறக்கவிருக்கும் குழந்தைகளையும் சேர்க்க வேண்டும். பல பிள்ளைகளை விரும்பும் குடும்பங்களுக்கு இது சிறிய விஷயமன்று. அறுவைத் தழும்பின்மேல் அடுத்த கருவின் நஞ்சு வேரூன்றி ஒட்டிக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. அமெரிக்காவில் முப்பதாயிரம் தாய்மாரை ஆராய்ந்து 2006-இல் வெளிவந்த கணக்கின்படி, நஞ்சு கீழே இறங்கியவர்களுள் இவ்வாறு ஒட்டிக்கொண்டது முதல் அறுவையில் நூற்றுக்கு 3, இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40. தமிழ்நாட்டில் 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி நூறு பிரசவங்களில் 45 அறுவையால் நிகழ்ந்தவை. தனியார் மருத்துவமனைகளில் அது 64. இவ்வளவும் தேவையானவைதாமா என்னும் கேள்வி எழத்தான் செய்யும். எனினும் முதல் குழந்தைக்கு அறுவை நடந்ததால் எல்லாக் குழந்தைகளுக்கும் அறுவைதான் என்பதும் சரியன்று. தலை கீழே இருக்கும் அடுத்த குழந்தையை இயல்பாகப் பெற முயல்பவருள் நூற்றுக்கு 70-க்கு மேற்பட்டோர் வெற்றி பெறுகின்றனர். இருநூறில் ஒருவருக்குத் தழும்பு பிரியும் அபாயம் இருப்பதால் அதற்குரிய மருத்துவமனை வேண்டும்.

அறுவையே முடிவானால் முப்பத்தொன்பதாவது வாரம் வரை காத்திருப்பது குழந்தையின் நுரையீரலுக்கு நல்லது. நல்ல நேரம் குறித்துக்கொண்டு வந்து, ‘இந்த மணிக்குள் எடுத்துவிடுங்கள்’ என்று மருத்துவரை நெருக்கும் வழக்கம் நம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் நுழைந்திருப்பதாகக் கேள்விப்படுகிறேன். நாளை முடிவு செய்ய வேண்டியது குழந்தையின் வளர்ச்சி, பஞ்சாங்கம் அன்று. அறுவை அரங்கிலும் கடைசியாக ஒரு முறை ஸ்கேன் பார்க்கும்படி கேளுங்கள். முந்தின இரவில் திரும்பிவிட்ட குழந்தைகளும் உண்டு.

பிறந்தபின் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கால்களை முகத்தருகே வைத்திருந்த குழந்தை, பிறந்து சில நாள் வரை அப்படியே கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். அதைக் கண்டு பாட்டிமார் பதறி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது கால்களை இழுத்து நேராக்க முயல்வர். அவ்வாறு செய்யலாகாது. இக்குழந்தைகளுக்கு, சிறப்பாகப் பெண் குழந்தைகளுக்கு, தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தாதிருக்கும் குறை மற்றவர்களைவிட அதிகம். பிறந்தது எந்த வழியில் ஆனாலும் சரி, கடைசி மாதத்தில் அந்நிலையில் இருந்தால் போதும். இங்கிலாந்தில் இத்தகைய குழந்தைகளுக்கு ஆறு வாரத்துக்குள் இடுப்பை ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள். நம் ஊரில் மருத்துவர் தாமாகச் சொல்லாவிட்டால் பெற்றோர் கேட்க வேண்டும். தொடக்கத்தில் கண்டால் மெல்லிய வார்ப்பட்டையால் சரிசெய்துவிடலாம். நடக்கத் தொடங்கியபின் கண்டால் அறுவை வரை போகும். கால்களை நீட்டி இறுகத் துணி சுற்றுவதையும் தவிர்க்க வேண்டும். கழுத்து நின்ற பிறகு, நம் தாய்மார் வழக்கப்படி கால்களை இருபுறமும் விரித்து இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வது அந்த மூட்டுக்கு மிக ஏற்றது.