சோறு மட்டும் போதுமா? அமினோ அமிலங்களை அறிவோம்

திருவள்ளூர் மாவட்டம் எளாவூர் பக்கம் பழவேற்காடு ஏரியில் மடவை, இறால், நண்டு எல்லாம் கிடைக்கின்றன. நல்ல விலைக்குப் போவதை விற்றுவிட்டு, வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறும் ரசமும் மட்டும் போட்டால் என்ன குறைகிறது?

நம் உடல் 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்துத்தான் தசை, இரத்தம், நோய் எதிர்ப்புச் சக்தி ஆகியவற்றுக்கான புரதங்களை உருவாக்குகிறது. இவற்றில் 9 வகைகளை உடலால் தயாரிக்க முடியாது, உணவிலிருந்தே வரவேண்டும். கொழுப்பைப் போல இவற்றை உடல் சேமித்து வைப்பதும் இல்லை. ஆகவே தினமும் தேவை. தொடர்ந்து குறைந்தால் பிள்ளைகளின் வளர்ச்சி பாதிக்கப்படும்.

அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. ஆனால் மெத்தியோனின் குறைவு. அதை அரிசி ஈடுசெய்கிறது. நம் நோன்புக் கஞ்சியில் அரிசியும் பாசிப்பருப்பும் சேர்வதன் நன்மை இதுவே. மீனிலும் முட்டையிலும் ஒன்பதும் போதிய அளவில் உள்ளன.

எனவே, விலை உயர்ந்த சத்துமாவு டப்பாக்களைத் தேடும் முன், விற்கும் மீனில் கொஞ்சம் பொடிமீனையாவது பிள்ளைகளுக்கு எடுத்து வைப்போம். மீன் இல்லாத நாளில் சோற்றோடு பருப்பு இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்வது அவசியம்.