இரும்பின் சாட்சியம்

கருந்துளையிலிருந்து ஒளி வெளிவருவதில்லை என்பது யாவரும் அறிந்ததே. அவ்வாறாயின், அது சுழல்கிறது என்றும், எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்றும் அறிஞர்கள் எதனைக் கொண்டு கூறுகின்றனர்?

கருந்துளைக்குள் விழப்போகும் பொருளே இதற்குச் சாட்சி. பெரிய விண்மீன் மண்டலங்களின் நடுவில், சூரியனைப் போல் பல இலட்சம் மடங்கு முதல் பல நூறு கோடி மடங்கு வரை நிறை கொண்ட கருந்துளைகள் உள்ளன. அவற்றுள் சில, தம்மைச் சூழ்ந்த வாயுவை ஓயாது ஈர்த்துக்கொண்டிருக்கின்றன. அவ்வாயு நேராக விழுந்துவிடுவதில்லை. தட்டையான வட்டாகச் சுழன்று, உராய்ந்து, சூடேறி ஒளிர்கிறது. சூரியனின் உள்ளே ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது நிறையில் 0.7 விழுக்காடே ஆற்றலாக மாறும். இங்கோ சுழலாத கருந்துளையைச் சுற்றி ஏறத்தாழ 6 விழுக்காடும், மிக விரைந்து சுழல்வதைச் சுற்றி 40 விழுக்காடு வரையும் மாறக்கூடும். வட்டுக்கு மேலே ஏறத்தாழ நூறு கோடி பாகை வெப்பமுள்ள மின்னணுத் திரள் ஒன்று நின்று எக்ஸ் கதிர்களைப் பொழிகிறது.

இக்கதிர்களை நமது வளிமண்டலம் தடுத்துவிடுவதால் வானுக்குச் சென்றே காண வேண்டும். 1962 ஜூன் மாதம் ரிக்கார்டோ ஜியாக்கோனியும் அவர்தம் குழுவினரும் ராக்கெட் செலுத்தி, சூரியக் குடும்பத்துக்கு அப்பாலுள்ள முதல் எக்ஸ் கதிர் மூலத்தைக் கண்டனர். 1970 டிசம்பர் 12 அன்று, கென்யக் கடலோரத்து மேடை ஒன்றிலிருந்து எக்ஸ் கதிர் வானியலுக்கென்றே அமைந்த முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அது கென்யாவின் விடுதலை நாள். ஆதலால் விடுதலை எனப் பொருள்படும் 'உஹுரு' என்ற சுவாஹிலிப் பெயர் அதற்கு இடப்பட்டது. அரபி பயின்றோர்க்கு இச்சொல் அந்நியமன்று. 'ஹுர்' என்னும் அரபுச் சொல்லே அங்கு அவ்வடிவம் பெற்றது.

இனி இரும்புக்கு வருவோம். வட்டிலுள்ள இரும்பணுக்கள்மீது எக்ஸ் கதிர் படும்போது அவை 6.4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் தமக்கே உரிய கதிரை உமிழ்கின்றன. ஆய்வுக்கூடத்தில் இது நிறமாலையில் கூரிய கோடாகத் தெரியும். கருந்துளையின் அருகிலோ, நம்மை நோக்கி விரையும் பகுதி அக்கோட்டின் ஆற்றலைச் சற்று உயர்த்த, விலகும் பகுதி தாழ்த்த, ஈர்ப்பு மேலும் தாழ்த்த, குறைந்த ஆற்றல் பக்கம் நீண்ட வால் உருவாகிறது. சொல் எவ்வளவு திரிந்தாலும் அதன் வேர் புலப்படுவதுபோல, இத்திரிபைக் கொண்டு இரும்பு நின்ற இடத்தை மீட்டறியலாம். கருந்துளை சுழலுமாயின் வட்டு இன்னும் நெருங்கி வரும். வால் இன்னும் நீளும். சுழற்சியை அளக்கும் வழி இதுவே.

எம்.சி.ஜி.-6-30-15 என்ற மண்டலத்தை ஜப்பானின் 'ஆஸ்கா' செயற்கைக்கோள் 1994இல் நோக்கியது. அங்கு இத்தகைய அகன்ற கோடு இருப்பதை யசுவோ தனாகாவும் பிறரும் 1995இல் வெளியிட்டனர். கோட்டின் அகலம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீட்டர் வேகத்தைக் காட்டியது.

மறுப்பும் எழுந்தது. இடையிலுள்ள வாயு முகில்கள் கதிரை ஓரளவு மறைத்தாலும் நிறமாலை இவ்வாறே வளையும் என்றனர் சிலர். இம்மறுப்பு வலுவானது, ஒரே நிறமாலைக்கு இரு விளக்கங்கள் பொருந்துமாயின் சுழற்சி பற்றிய கூற்று முழுவதும் ஆட்டங்காணும். 2009இல் வேறொரு மண்டலத்தில், வட்டில் பட்டுத் திரும்பும் ஒளி ஏறத்தாழ 30 நொடி பிந்தி வருவது அறியப்பட்டது. 30 நொடியில் ஒளி 90 இலட்சம் கிலோமீட்டரே செல்லும். எனவே எதிரொளிக்கும் பரப்பு கருந்துளைக்கு மிக அருகிலேயே இருக்கவேண்டும். 2013இல் வெளியான என்.ஜி.சி. 1365 மண்டலத்தின் ஆய்வு, 'நூஸ்டார்' தொலைநோக்கியின் உயர் ஆற்றல் அளவீட்டைச் சேர்த்து, அங்குள்ள கருந்துளை தன் உச்ச வரம்பில் 84 விழுக்காட்டுக்குக் குறையாமல் சுழல்கிறது என்றது. முகில் விளக்கத்தினர் அதன் பின்னரும் ஓயவில்லை.

2023இல் ஏவப்பட்ட 'எக்ஸ்ரிஸ்ம்' செயற்கைக்கோள், நுண்ணிய கோடுகளைத் தனித்தனியே பிரித்தறிய வல்லது. 2024இல் அது பழைய எம்.சி.ஜி.-6-30-15 மண்டலத்தையே நோக்கியது. வெளியே வீசும் வாயுக் காற்று கதிரை உறிஞ்சுவது உண்மையென்று தெரிந்தது. அவ்வுறிஞ்சலைக் கணக்கில் கழித்த பின்னும், வட்டின் உட்பகுதியிலிருந்து வந்த அகன்ற கோடு எஞ்சி நின்றது.